ஒரு டொலருக்கு மூன்று விலை

1

போன கிழமை என் மகள் அபி ஆர்ஜென்டினாவுக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கனடாவில் பிறந்தவள், வயது இருபத்தைந்து, மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சிநேகிதிகள் மூன்று பேருடன் பத்து நாள் பயணமாம். அவள் உடுப்பு அடுக்குகிற அழகை என் மனைவி பார்த்திருந்தால் அன்றைக்கு வீட்டில் ஒரு கச்சேரி நடந்திருக்கும். நல்ல காலம், மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள்.

நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வீடு எங்கள் சனம் நிறைய இருக்கிற மல்வேர்னில். வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். அபி கையில் போனோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, திஸ் இஸ் ஸோ வியர்ட். அங்க ஒரு டொலருக்கு ரெண்டு ரேட் இருந்ததாம். பாங்கில ஒண்டு, ரோட்டில ஒண்டு. லைக், ஹவ்?"

"ரெண்டுதானோ?" என்றேன்.

அவள் மேலும் வாசித்தாள். சோயா ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டில் கார்ட் தேய்க்கிறவர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுப் பாட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கச்சேரி வைக்கிறவர்களுக்குக்கூட ஒரு தனி விலை இருந்ததாம். இப்போது அந்த வித்தியாசமெல்லாம் நன்றாகக் குறைந்துவிட்டதாம். அபி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது ஸ்காம்தானே?"

நான் சிரித்தேன். அவளுக்கு ஒரு நாட்டுக் காசின் விலை என்பது போனில் தட்டினால் வருகிற ஒரு எண். ஆனால் இந்த நாட்டில் தினமும் காலையில் என்ன சொல்கிறார்கள்? வெளியே மைனஸ் ஒன்பது, ஆனால் உடம்புக்கு மைனஸ் பதினெட்டு மாதிரி இருக்கும் என்கிறார்கள். அறிவிக்கிற குளிர் ஒன்று, படுகிற குளிர் இன்னொன்று. இரண்டையும் கேட்டுத்தான் அவள் கோட் போடுகிறாள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு விலை விளங்கவில்லை என்பது எனக்குப் புதினமாக இருந்தது.

"எங்கட நாட்டில ஒருக்கா மூண்டு விலை இருந்தது. நான் மூண்டையும் ஒரே மேசையில பாத்தனான்" என்றேன்.

"வென்?"

"மாமிக்கு ஒப்பரேசன் நடந்த வருசம்."

மாமி என்றால் என் அக்கா. அபி பெட்டியை மறந்து, காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டாள். அவள் என்னிடம் கதை கேட்டு எத்தனை வருடம் என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

2

முதலில் சங்கக்கடையில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற கடையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொடிகாமத்துச் சங்கக்கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். சீனி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் என்று வரிசையாக, வெண்கட்டியால் முத்து முத்தாக விலை எழுதியிருக்கும். விலை நல்ல மலிவு. ஒரேயொரு குறை, சீனி இருக்காது. மனேச்சர் கொப்பியை மூடிக்கொண்டு "அடுத்த கிழமை வரும்" என்பார். அடுத்த கிழமையும் அதையே சொல்வார்.

அதே தெருவில் இன்னொரு கடை. அங்கே பலகை கிடையாது. பின்பக்கமாகப் போய்க் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து மெல்லமாகக் கேட்டால் சீனி வரும். விலை இரட்டிப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது போல, பலகையில் இருந்த சீனி தேத்தண்ணிக்கு உதவவில்லை.

"அப்ப சீனியின்ர ரியல் ப்ரைஸ் எது?" என்றாள் அபி.

"எனக்கும் அறுபது வரப்போகுது. இன்னும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

டொலருக்கும் அதேதான் நடந்தது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் டொலரின் விலையைப் பலகையில் எழுதிவிட்டு, அதை அழிக்கமாட்டோம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கனடா டொலர் ஒன்றுக்கு வங்கியில் நூற்று ஐம்பத்தெட்டு ரூபாய். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வங்கியால் அனுப்பினால் மேலே சில ரூபாய் போட்டுத் தருவோம் என்று ஆசையும் காட்டினார்கள். ஆனால் அந்த விலைக்கு வங்கியிடம் போய் டொலர் வாங்கப் பார்த்தால் இல்லை. டொலர் தேவைப்பட்டவர்கள் வேறு இடத்தில் கூடக் கொடுத்து வாங்கினார்கள். கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் டொலர் வைத்திருந்தவர்களும் அந்த இடத்துக்கே போனார்கள். அந்த இடத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர் உண்டியல்.

வங்கிக்கும் உண்டியலுக்கும் இடையே டொலருக்கு முப்பது ரூபாய்வரை வித்தியாசம். மல்வேர்னில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில்கூட அதுதான் கதை. "உங்க என்ன போகுது?" என்று மீன் விலை விசாரிப்பதுபோல் கேட்டுக்கொண்டார்கள்.

நான் மட்டும் கேட்கவில்லை. நான் வங்கி ஆள்.

3

அதற்குக் காரணம் பயம்தான். தொண்ணூறுகளில் அகதியாக வந்து இறங்கியபோது என் வழக்கறிஞர் சொன்ன முதல் புத்திமதி, "எந்தக் கடதாசியையும் எறியாதே" என்பது. அன்றிலிருந்து நான் எறியவில்லை. பஸ் பாஸ்கூட வைத்திருந்தேன். அக்காவுக்கு மாதம் மாதம் அனுப்பும் காசையும் வங்கியால்தான் அனுப்புவேன். என்ன காரணத்துக்கு அனுப்புகிறாய் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். குடும்பப் பராமரிப்பு என்பதற்கு 'ஃபமிலி மெயின்டெனன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். பண்டகசாலையில் மெயின்டெனன்ஸ் என்ற சொல்லை நாங்கள் ஃபோர்க்லிஃப்டுக்கு எண்ணெய் விடுவதற்குத்தான் பாவிப்பது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அக்காவுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி எனக்குள் ஒரு சிரிப்பு வரும்.

உண்டியலில் படிவமும் இல்லை, பற்றுச்சீட்டுத் துண்டும் இல்லை. வேலையிடத்தில் என்னை 'பாங்க் ஐயா' என்று பட்டம் தெளித்தார்கள். நான் கணக்கெடுக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை அந்த ஆண்டுத் தை மாதத்தில் ஆட்டம் கண்டது. அக்கா கணக்குப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கொடிகாமத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுடைய இருதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது, இரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் தாங்கள் பொறுப்பில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பதினெட்டு லட்சம் கேட்டது. அக்காவின் கையில் ஆறு லட்சம். மிச்சம் பன்னிரண்டு லட்சத்தையும் திங்கட்கிழமைக்குள் கட்டினால் அடுத்த கிழமையே ஒப்பரேசன்.

என்னிடம் இருந்தது ஆறாயிரத்து நானூறு டொலர். அபியின் பல்கலைக்கழகக் கடைசித் தவணையை அப்போதுதான் கட்டியிருந்தேன். கிரெடிற் கார்டுகள் மூன்றும் முட்டி நின்றன. வங்கி விலைக்குப் பெருக்கிப் பார்த்தேன். அவர்கள் போட்டுத் தருகிற மேலதிக ரூபாயையும் சேர்த்துப் பார்த்தேன். பத்து லட்சத்துச் சொச்சம்தான் வந்தது.

பன்னிரண்டு லட்சத்தை ஆறாயிரத்து நானூறால் பிரித்தேன். நூற்று எண்பத்தேழரை. அந்த விலை எங்கே கிடைக்கும் என்று மல்வேர்னில் எல்லோருக்கும் தெரியும்.

4

குணம் அண்ணையின் கடை ஒரு பிளாசாவின் மூலையில் இருந்தது. முன்பக்கம் விமானச் சீட்டு, கலியாணக் காட், போன் காட். பின்பக்கம் ஒரு மேசை, இரண்டு கதிரை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு கொப்பி. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து, சப்பாத்தில் பனியோடு போய் நின்றேன். களவெடுக்கப் போனவன் மாதிரி ஒருக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"இண்டைக்கு என்ன போகுது அண்ணை?"

"எவ்வளவு வைச்சிருக்கிறீர்?"

"ஆறாயிரத்து நானூறு."

"நூற்றி எண்பத்தைஞ்சு தரலாம்."

"எனக்கு நூற்றி எண்பத்தேழரை வேணும்."

"எனக்கும்தான் கனக்க வேணும் தம்பி." அவர் கொப்பியை மூடினார். "அங்கால ஆள் நூற்றி எண்பத்தெட்டுக்கு மேல ஒரு சதம் குடுக்க ஏலாது எண்டு நிக்குது. அதில மூண்டு ரூபாய் எனக்கு. மிச்சம் உமக்கு. நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை."

எனக்கு எதையும் துருவாமல் இருக்க முடியாது. சின்ன வயதில் அப்பாவின் மணிக்கூட்டைக் கழற்றி அடி வாங்கியவன் நான். "அங்கால ஆள் எண்டால் ஆர்?" என்று கேட்டேன்.

குணம் அண்ணை நாடியால் மற்றக் கதிரையைக் காட்டினார். அதில் ஒரு பிள்ளை மடியில் பையோடு இருந்தது. இருபது, இருபத்தொரு வயது இருக்கும். அந்தக் குளிருக்குக் காணாத மெல்லிய ஜக்கெற்.

"அங்கால ஆளின்ர மகள் உதில இருக்கிறா. உம்மட காசு ஒரு நாளும் பிளேன் ஏறாது தம்பி. இந்தக் கதிரையால எழும்பி அந்தக் கதிரைக்குப் போகும். அங்கயும் அப்பிடித்தான், அவவின்ர தகப்பன் குடுக்கிற ரூபாய் உம்மட அக்காவிட்டப் போகும். ரெண்டு காசும் கடலைக் கண்ணால காணாது."

இத்தனை வருடம் உண்டியல் என்றால் காசை எங்கோ ஒளித்துக் கடத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இவ்வளவுதானா என்று நான் வாயைப் பிளந்தபடி நிற்க, அந்தப் பிள்ளை எழும்பி நின்றது.

"அங்கிள், நான் தர்சிகா. அப்பா சாவகச்சேரி. எனக்குத் திங்கக்கிழமைக்குள்ள கொலிஜ் பீஸ் கட்டோணும். இல்லாட்டி பேரை வெட்டிப்போடுவினம், பிறகு விசாவும் பிரச்சினை. அப்பா பாங்கில போம் குடுத்து மூண்டு மாசம், டொலர் இல்லையாம். உழவு மெசினை வித்துப்போட்டார்."

"அந்தக் காசு பன்னிரண்டு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம்" என்றார் குணம் அண்ணை. "அதாலதான் நூற்றி எண்பத்தெட்டு. அதுக்கு மேல அந்த வீட்டில விக்க ஒண்டும் இல்லை."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நான் கூட்டிக் கேட்கிற ஒவ்வொரு ரூபாயும் அரசாங்கத்திடம் இருந்து வரவில்லை, குணம் அண்ணையின் பெட்டியில் இருந்தும் வரவில்லை. ஒரு மனிதன் தன் உழவு மெசினை விற்ற காசில் இருந்து வருகிறது. வங்கி சொன்ன விலை ஒன்று, என் கைக்கு வருகிற விலை ஒன்று, அந்த மனிதன் கொடுக்கிற விலை ஒன்று. மூன்றும் ஒரே நாளில் ஒரே டொலருக்கு.

நான் குணம் அண்ணையில் பாய்ந்தேன். "அப்ப உங்கட மூண்டு ரூபாய்தானே இடைஞ்சல்!"

அவர் கோபப்படவில்லை. "கடை வாடகையை நீர் கட்டுவீரோ? அங்க காசு கொண்டு போற பெடியனுக்கு நான் குடுக்க வேணும். அவன்ர மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் வேணும். இப்ப பெற்றோலுக்கும் ரெண்டு விலை. லைனில நிண்டால் ஒரு விலை, போத்தலில வாங்கினால் ஒரு விலை."

நான் இரண்டரை ரூபாய் கூடக் கேட்கிறேன். அவர் விடமாட்டார். அந்தப் பிள்ளையின் அப்பாவால் கூட்ட முடியாது. கடைசியில் தர்சிகாதான் வாய் திறந்தாள்.

"அங்கிள், உங்கட அக்கா எவடம்?"

"கொடிகாமம்."

"அப்பாவே சைக்கிளில கொண்டுபோய்க் குடுப்பார். ஒரு மணித்தியாலம் காணும். பெடியனும் வேண்டாம், பெற்றோலும் வேண்டாம்."

குணம் அண்ணை மேசையில் விரலால் தட்டினார். மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "அம்பது சதம் எனக்கு வேணும். சும்மா செய்து தந்தன் எண்டு வெளிய தெரிஞ்சால் நாளைக்கு மல்வேர்ன் முழுக்க இதில வந்து நிக்கும்."

நூற்று எண்பத்தேழரை. பன்னிரண்டு லட்சம் சரி. தர்சிகா அந்த இடத்திலேயே தகப்பனுக்குப் போன் எடுத்தாள். அங்கே சனிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. அடுத்த நாள், ஞாயிறு விடியக் கொண்டுபோகிறேன் என்றார் அவர். எங்களுக்கு அது சனி பின்னேரம்.

குணம் அண்ணை கொப்பியை விரித்தார். "உமக்கு வீட்டுப் பேர் என்ன?"

"சிவபாலன்."

"அது பாஸ்போட்டில இருக்கிற பேர். வீட்டில கூப்பிடுற பேரைக் கேக்கிறன். காசு கொண்டு போறவர் அங்க அதைத்தான் கேப்பார். சரியாச் சொன்னால்தான் குடுபடும். பாஸ்போட்டில இருக்கிற பேரை ஆரும் களவெடுக்கலாம், வீட்டுப் பேரை எடுக்கேலாது."

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லமாகச் சொன்னேன். "குண்டன்."

அறுபத்திரண்டு கிலோ நிறை எனக்கு. தர்சிகா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

5

சனிக்கிழமை ஏழு மணிக்கு மூன்று பேரும் அதே மேசையில் கூடினோம். என் டொலர்கள் ஒரு கடித உறையில் மேசை நடுவில். அக்கா காசு கிடைத்தது என்று சொன்னதும் உறை தர்சிகாவின் கைக்குப் போகும். அதுதான் முறை.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்டியலில் அனுப்புகிறேன் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்க உண்டியலில் காசு வாங்கியபோது, "என்ர தம்பி பாங்காலதான் அனுப்புவான்" என்று தலை நிமிர்ந்து சொல்லித் திரிந்தவள் அவள். அதனால் போனில், "ஞாயிறு விடிய பாங்கில இருந்து ஆள் காசு கொண்டு வரும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எந்த வங்கி வீட்டு வாசலுக்கு வரும் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

காத்திருந்தோம். குணம் அண்ணை ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கி வந்தார். அந்தப் பிள்ளை ரோல்ஸைக் கையில் எடுத்து, "இது எவ்வளவு அங்கிள்?" என்று கேட்டாள். ஒன்றரை டொலர் என்றேன். "இருநூற்றி எண்பத்திரண்டு ரூபாய்" என்றாள் உடனே. அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தாள். பஸ் சீட்டு, பால், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் போடுகிற குற்றிக் காசு, எல்லாவற்றையும் தகப்பன் கொடுக்கிற நூற்று எண்பத்தெட்டால் பெருக்கினாள். வங்கி விலையால் பெருக்கினால் மனம் கொஞ்சம் ஆறுமே என்றேன். "அந்த விலைக்கு எனக்கு ஒருத்தரும் தரேல்லையே அங்கிள்" என்றாள்.

நானும் வந்த புதிதில் அப்படித்தான் பெருக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு கோப்பி குடிக்க மனம் வராது. எப்போது நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. ஒரு நாள் பெருக்காமல் ஒரு கோப்பி வாங்கியிருப்பேன். அன்றைக்குத்தான் நான் இந்த நாட்டு ஆள் ஆனேன் போலிருக்கிறது, பிரஜாவுரிமைச் சத்தியம் செய்த அன்றைக்கு அல்ல.

எட்டு மணியாயிற்று. வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தர்சிகா எடுத்துப் பார்த்தாள், தகப்பனின் போன் நிற்பாட்டியிருந்தது. எட்டரை. முன்பின் தெரியாத ஒரு மனிதன், துண்டில்லாத கணக்கு, அக்காவின் வால்வு. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனே என்று நினைத்தேன். கை தானாகப் போய் அந்த உறையின் மேல் இருந்தது.

"குணம் அண்ணை, நான் காசை எடுத்துக்கொண்டு போறன்."

"அங்கிள், அப்பா சொன்னால் செய்வார்" என்றாள் தர்சிகா.

"பிள்ளை, எனக்கு உம்மட அப்பாவைத் தெரியாது."

அதை நான் சொன்ன விதத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் பையை எடுத்து மடியில் வைத்து, அதன் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். என் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, இஞ்ச ஒரு மனிசன் முக்கால் மணித்தியாலமா கேற்றடியில நிக்குது. சைக்கிளில உரப்பை கட்டியிருக்கு. பாங்க் எண்டால் அடையாள அட்டையைக் காட்டும் எண்டன். அவர் அதை விட்டிட்டு, உங்கட தம்பிக்கு வீட்டில என்ன பேர் எண்டு கேக்கிறார். எந்தப் பாங்கில உப்பிடிக் கேக்கினம்?"

"நீ என்ன சொன்னனீ?"

"சிவபாலன் எண்டு சொன்னன். பிழையாம்! என்ர தம்பியின்ர பேர் எனக்குத் தெரியாதாம்!"

"ஏனக்கா முதலே எடுக்கேல்லை?"

"நீ வேலையில நிப்பாய் எண்டு பாத்தன். அவரின்ர போனும் கரண்ட் இல்லாமல் செத்துப்போச்சாம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அக்கா, அது பாங்க் இல்லை. உண்டியல். அவருக்குக் குண்டன் எண்டு சொல்லு."

"எட, நீயும் உண்டியலோ?" என்றாள் அக்கா. பிறகு வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பேர் கூப்பிடுகிற அதே குரலில், வெளியே பார்த்து, "குண்டன்!" என்று கத்தினாள்.

தூரத்தில் ஒரு ஆண் குரல் கேட்டது. "இப்ப சரி."

குணம் அண்ணை மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். தர்சிகா சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, இரண்டும் போல இருந்தது. அக்கா காசை இரண்டு தரம் எண்ணினாள், எண்ணியே தீருவாள். பன்னிரண்டு லட்சம் சரி என்றாள். நான் உறையைத் தர்சிகாவின் பக்கம் தள்ளினேன். அப்போது போனில் அந்த மனிதர் வந்தார்.

"என்ர பிள்ளை அங்க நிக்கிறாவோ? தர்சி, சாப்பிட்டியோ?"

"ஓம் அப்பா. ரோல்ஸ் சாப்பிட்டனான்."

"குளிரே?"

"பெரிசா இல்லையப்பா."

அவள் அந்த மெல்லிய ஜக்கெற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தாள். நான் எழும்பி முன்பக்கம் போய், கலியாணக் காட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது. நான் பத்து நிமிடத்துக்கு முன் தெரியாது என்று சொன்ன மனிதர், விடியப்புறம் உரப்பையில் பன்னிரண்டு லட்சத்தைக் கட்டிச் சைக்கிள் மிதித்து வந்து, சொன்ன பேர் சரியில்லை என்று கேற்றடியில் முக்கால் மணித்தியாலம் நின்றிருக்கிறார். என் காசுக்காக.

6

அக்காவின் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. தர்சிகாவின் பெயரும் வெட்டுப்படவில்லை. சில கிழமைகளில், பங்குனி மாதம், அரசாங்கம் பலகையை அழித்தது. வங்கி விலை ஒரேயடியாக ஏறி எங்கள் நூற்று எண்பத்தேழரையைத் தாண்டிப் போனது. "பாங்க் ஐயா, ஒருக்கா உண்டியலுக்குப் போனீர், அதுவும் அவசரப்பட்டுப் போட்டீர்" என்று வேலையிடத்தில் நக்கலடித்தார்கள். காத்திருந்திருந்தால் எனக்கு லாபம், தர்சிகாவின் அப்பாவுக்கு நட்டம். வால்வு காத்திருந்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது வங்கிக்கும் கடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குணம் அண்ணை விமானச் சீட்டு மட்டும் விற்கிறார். நான் திரும்பவும் வங்கிக்குப் போய்த் துண்டு சேர்க்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அபி கேட்ட கேள்வி வேறு.

"வெயிற். உங்களைக் குண்டன் எண்டோ கூப்பிட்டவை? நோ வே."

"மாமியைக் கேள்."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவளும் மாமியும் கதைப்பது வருடத்துக்கு இரண்டு தரம். பிறந்தநாளுக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. "ஹாய் மாமி, நல்லா இருக்கிறீங்களா?" என்பாள், ஒரு நிமிடத்தில் போனை என் கையில் திணித்துவிடுவாள். அன்றைக்கு அவளே என் போனை எடுத்து வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா மூக்குக்கண்ணாடியோடு திரையில் வந்தாள்.

"மாமி, அப்பாவுக்கு வீட்டில என்ன பேர்?"

அக்காவின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "ஆர் கேக்கிறது?"

"நான்தான். அபி."

"அபி எண்டது பாஸ்போட்டில இருக்கிற பேர். ஆரும் சொல்லலாம். உனக்கு வீட்டில என்ன பேர்? அதை முதல் சொல்லு."

அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, டூ ஐ ஹாவ் வன்?"

எங்கள் வீட்டில் அவள் பிறந்த நாளில் இருந்து அபிதான். வேறு பெயர் வைக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை, இரண்டு பேரும் இரண்டு ஷிப்ட்.

"உன்ர கொப்பனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்றாள் அக்கா. "சண்டை நிண்ட சமாதான காலத்தில நீங்கள் வந்து நிண்டனீங்கள். உனக்கு நாலு வயசு. ஒவ்வொரு நாளும் நான் படிப்பிச்சுப்போட்டு வரேக்க நீ குசினியில சீனிப் பேணிக்குள்ள கையை விட்டபடி இருப்பாய். வாய் முழுக்கச் சீனி. ஆறு கிழமையும் வளவு முழுக்க உன்னைச் சீனி எண்டுதான் கூப்பிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இப்பவும் கேக்கிறவை, சீனி எப்பிடி இருக்கிறாள் எண்டு."

எனக்கு அந்தப் பேணி ஞாபகம் வந்தது. நீலப் பேணி. பெயர் மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காசு போய்ச் சேராமல் விட்டிருந்தால், என் மகளின் வீட்டுப் பேர் என்னவென்று எனக்குச் சொல்ல ஆளில்லாமல் போயிருக்கும்.

"சொல்லு பாப்பம்" என்றாள் அக்கா.

"சீனி" என்றாள் அபி மெல்லமாக.

"இப்ப சரி."

பிறகு அக்கா என் வீட்டுப் பேரைச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போல என் முறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அபி போனைத் தரவில்லை. கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "மாமி, வேற என்ன செய்தனான்?" என்று கேட்டாள்.